குச்சிக்கிழங்கை தலைகீழாக நட்டால் என்ன ஆகும்? செடியின் திசையை முடிவு செய்யும் ஹார்மோன்: முழு விளக்கம்

தருமபுரி மாவட்டத்தில் குச்சிக்கிழங்கு நடவு நடக்கும் வயல் ஓரமாக நின்றால் ஒரு வார்த்தை திரும்பத் திரும்பக் காதில் விழும்: "கண்ணு மேல பாத்து வைங்க." இடைவெளி கொஞ்சம் முன்னே பின்னே ஆனால்கூட பொறுத்துக்கொள்ளும் நிலத்துக்காரர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

கையில் இருப்பது அரை அடிக் குச்சி. வேர் கிடையாது, இலை கிடையாது. இரண்டு பக்கமும் வெட்டியாகிவிட்டது. அதற்கு எது தலை, எது கால் என்று எப்படித் தெரியும்? தெரியும் என்பதுதான் ஆச்சரியம். அந்தக் குச்சிக்கு தன் மேல்முனை எது, கீழ்முனை எது என்பது கடைசி வரை மறக்காது.

இதற்குக் காரணம் ஆக்சின் என்ற தாவர ஹார்மோன். ஜன்னல் ஓரத் தொட்டிச்செடி வெளிச்சத்தைப் பார்த்து வளைவதும், மழையில் சாய்ந்த கேழ்வரகு நிமிர்வதும், துவரையின் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை அடிப்பதும் இதன் வேலைதான். கரும்புக்கு அடித்த களைக்கொல்லி காற்றில் பறந்து பக்கத்து வயல் தக்காளியை முறுக்கிப் போடுவதும் இதே கணக்கில்தான் வருகிறது.

குச்சிக்குள் ஓடும் ஒருவழிப் பாதை

முதலில் குச்சிக்கிழங்கு. மரவள்ளிக்கு விதை போடுவதில்லை. நோய் தாக்காத, முற்றிய செடியின் தண்டை 15 செ.மீ. நீளத்துக்கு, 8 முதல் 10 கணு இருக்கும்படி வெட்டி நடுவதுதான் வழக்கம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையும் இதுதான்: கணு மேல்நோக்கி இருக்க, குச்சி செங்குத்தாக நிற்க வேண்டும்.

செடியின் நுனியிலும் இளம் இலைகளிலும் மொட்டுகளிலும் ஆக்சின் உற்பத்தியாகிறது. அங்கிருந்து ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு என்று கைமாறி கீழே இறங்குகிறது. வேகம் மணிக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். தண்டில் இது மேலிருந்து கீழே மட்டும்தான் போகும், திரும்பி வராது. ஒன்வே ரோடு மாதிரி.

அந்த ஒன்வேயை உருவாக்குவது செல்லின் கதவுகள். ஆக்சினை வெளியே அனுப்பும் புரதங்கள் செல்லின் எல்லாப் பக்கமும் இல்லாமல், அடிப்பக்கத்தில் மட்டும் குவிந்து நிற்கின்றன. இவற்றுக்கு 'பின்' புரதங்கள் என்று பெயர். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியில், இந்தப் புரதம் கெட்டுப்போன ரகத்தின் தண்டு பூவே இல்லாமல் குண்டூசி போல நீட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்து வைத்த பெயர் அது.

குச்சியை வெட்டினாலும் கதவுகள் இருந்த இடத்திலேயே இருக்கும். மொட்டிலிருந்து கிளம்பும் ஆக்சின் கீழே இறங்கி, வெட்டு வாயில் போக வழியில்லாமல் தேங்கும். தேங்கிய இடத்தில் வேர் கிளம்பும். எதிர்முனையில் தளிர் வரும்.

இப்போது அதே குச்சியைத் தலைகீழாக நட்டால்? வேர் பிடிக்க வேண்டிய முனை வெயிலில் வெளியே நிற்கும். துளிர்க்க வேண்டிய முனை மண்ணுக்குள் புதைந்திருக்கும். எல்லாக் குச்சியும் செத்துப்போகும் என்று சொல்ல முடியாது. மண்ணுக்குள் இருக்கும் கணுக்களில் சில பிழைத்து, தளிர் வளைந்து மேலே வந்துவிடும். ஆனால் முளைப்பு தாமதமாகும், பல குச்சி காய்ந்துவிடும், பிழைத்ததும் பின்தங்கும்.

கணக்குப் போட்டால் நஷ்டம் புரியும். 75 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்கு ஏறக்குறைய 7,200 குச்சி பிடிக்கும். அவசர நடவில் பத்துக்கு ஒன்று தலைகீழாகப் போனால்கூட 700 இடத்துக்கு மேல் சந்தேகம்தான். குச்சிக்கிழங்கு 9, 10 மாதப் பயிர். அந்த இடங்களுக்கும் சேர்த்துத்தான் அத்தனை மாதமும் உரமும் களையெடுப்புக் கூலியும் போகும்.

வெட்டிய குச்சியில் எது மேல் என்று குழப்பம் வந்தால் பார்க்க வேண்டியது இலை உதிர்ந்த தழும்பு. மொட்டு எப்போதும் தழும்புக்கு மேல்பக்கமாகத்தான் உட்கார்ந்திருக்கும். தழும்பு கீழே, மொட்டு மேலே இருந்தால் குச்சி நேராக இருக்கிறது என்று அர்த்தம். பட்டுக்கூடு அங்காடிக்குப் பேர் போன தருமபுரியில், மல்பெரி குச்சி நடும் பட்டு விவசாயிகளுக்கும் இதே விதிதான்.

இது நேற்று கண்டுபிடித்த விஷயம் இல்லை. ஜெர்மனியின் ஹெர்மன் வோக்டிங் 1878-லேயே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார். வில்லோ மரத்தின் குச்சிகளை ஈரமான அறையில் சிலவற்றை நேராகவும் சிலவற்றைத் தலைகீழாகவும் தொங்கவிட்டார். எப்படித் தொங்கினாலும், மரத்தில் இருந்தபோது எது கீழ்முனையோ அங்கேதான் வேர் அதிகம் வந்தது. ஆக்சின் என்ற பெயரே அப்போது கிடையாது.

ஆக்சின் எப்படிக் கிடைத்தது?

சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் 1880-ல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு எளிய பரிசோதனை வருகிறது. புல்வகை நாற்று ஒரு பக்க வெளிச்சத்தை நோக்கி வளையும். அதன் நுனிக்கு மட்டும் ஒளி புகாத தொப்பி போட்டால் வளைவதில்லை. இத்தனைக்கும் வளைவது நுனி இல்லை, அதற்குக் கீழே உள்ள பகுதி. அப்படியென்றால் நுனியிலிருந்து ஏதோ ஒரு தகவல் கீழே போகிறது என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

1913-ல் டென்மார்க்கின் பாய்சன் யென்சன், நுனியை வெட்டி இடையில் ஜெலட்டின் துண்டு வைத்து மேலே நுனியைப் பொருத்தினார். தகவல் அதன் வழியாகப் போனது. மைக்கா தகடு செருகினால் நின்றுபோனது. 1920-களின் கடைசியில் நெதர்லாந்தின் பிரிட்ஸ் வெண்ட் இன்னும் ஒரு படி போனார். வெட்டிய நுனியை அகார் கட்டியில் கொஞ்ச நேரம் வைத்தார். பிறகு நுனியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த அகாரை மட்டும் ஓட்ஸ் நாற்றின் ஒரு ஓரத்தில் வைத்தார். இருட்டிலேயே நாற்று எதிர்ப்பக்கமாக வளைந்தது. தகவல் என்பது ஒரு வேதிப்பொருள் என்று அதில் உறுதியானது. வளர்வது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஆக்சின் என்ற பெயர் வந்தது.

அதைப் பிரித்தெடுத்த கதை இன்னும் வேடிக்கை. 1934-ல் இண்டோல் அசெட்டிக் அமிலம் என்ற ஆக்சின் பிரித்தெடுக்கப்பட்டது செடியிலிருந்து இல்லை, மனிதச் சிறுநீரிலிருந்து.

வளைவது எப்படி?

செடிக்கு தசை இல்லை. அது வளைகிறது என்றால் ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் நீள்கிறது என்று பொருள். மாட்டு வண்டியில் வலது மாடு வேகமாக நடந்தால் வண்டி இடது பக்கம் திரும்புமே, அதுபோல.

வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வந்தால், ஒளியின் நீல நிறத்தை போட்டோட்ரோபின் என்ற புரதம் உணர்கிறது. ஆக்சின் நிழல் பக்கம் ஒதுங்குகிறது. அங்கே செல்கள் கூடுதலாக நீள, தண்டு வெளிச்சத்தின் பக்கம் சாய்கிறது.

இருட்டான மண்ணுக்குள் வெளிச்சம் உதவாது. அங்கே வழிகாட்டுவது புவியீர்ப்பு. வேர் நுனியை மூடியிருக்கும் தொப்பி போன்ற பகுதியின் செல்களுக்குள் மாவுமணிகள் உண்டு. வேர் படுக்கையாக இருந்தால் மணிகள் சரிந்து கீழ்ப்பக்கச் சுவரில் போய் உட்காரும். எந்தப் பக்கம் உட்கார்ந்ததோ அதுதான் கீழ் என்று செல் தெரிந்துகொள்ளும். ஆக்சின் கதவுகள் அந்தப் பக்கம் இடம் மாறும்.

இங்கே ஒரு முரண்பாடு உண்டு. ஆக்சின் கூடினால் தண்டு நீளும். வேரிலோ அதே அளவு ஆக்சின் வளர்ச்சியைத் தடுக்கும். அதனால்தான் படுக்க வைத்த நாற்றில் கீழ்ப்பக்கம் ஆக்சின் சேர்ந்தவுடன் தண்டு மேலேயும் வேர் கீழேயும் திரும்புகின்றன. இயந்திரத்தால் நடும் நாடுகளில் குச்சிக்கிழங்கு குச்சியைப் படுக்கையாகப் புதைத்தாலும் பயிர் வந்துவிடுவதற்குக் காரணம் இதுதான். படுக்கைக் குச்சியில் இரு முனையுமே மண்ணுக்குள் ஈரத்தில் இருக்கின்றன; மிச்ச வேலையை புவியீர்ப்பு பார்த்துக்கொள்கிறது.

தருமபுரி விவசாயிகள் இதைக் கண்ணால் பார்ப்பது கேழ்வரகில். காற்று மழையில் படுத்துவிட்ட இளம்பயிர் இரண்டு மூன்று நாளில் தலை தூக்கும். உற்றுப் பார்த்தால் தண்டு முழுக்க வளைந்திருக்காது. கணுவை ஒட்டி மட்டும் ஒரு முழங்கை மடிப்பு தெரியும். புல் இனப் பயிர்களில் கணுவைச் சுற்றியுள்ள இலையுறையின் அடிப்பகுதிதான் இந்த வேலையைச் செய்கிறது. அதன் கீழ்ப்பக்கச் செல்கள் நீண்டு தண்டை நெம்பித் தூக்குகின்றன. கதிர் முற்றி தண்டு விறைத்த பிறகு இது நடக்காது. அதனால், இளம்பயிர் சாய்ந்தால் பதறிப்போய் வயலில் இறங்கி மிதிக்காமல் இருப்பதே நல்லது.

நுனியைக் கிள்ளினால் ஏன் கிளை அடிக்கிறது?

நாற்று விட்டு நடும் துவரையில், நட்ட ஏறக்குறைய ஒரு மாதத்தில் நுனியைக் கிள்ளிவிடச் சொல்கிறார்கள் வேளாண் அலுவலர்கள். சாமந்தியிலும் அப்படித்தான். நன்றாக வளரும் கொழுந்தை ஏன் கிள்ள வேண்டும் என்று முதல்முறை செய்கிறவருக்கு மனசு வராது.

நுனி இருக்கும்வரை அங்கிருந்து இறங்கும் ஆக்சின் பக்கமொட்டுகளைத் தூங்க வைத்திருக்கும். செடி உயரமாகப் போகும், அகலாது. 1930-களில் கென்னத் திமன், போக் ஸ்கூக் இருவரும் நுனி வெட்டிய அவரை இனச் செடியின் வெட்டு வாயில் ஆக்சினைத் தடவிப் பார்த்தார்கள். நுனி இல்லாவிட்டாலும் பக்கமொட்டுகள் எழவில்லை. தடவாத செடியில் எழுந்தன.

ஆக்சின் தனி ஆளாக இதைச் செய்வதில்லை. பக்கமொட்டை எழுப்பும் சைட்டோகைனின் என்ற ஹார்மோன் வேரிலிருந்து மேலே வருகிறது. கிளையை அடக்கும் ஸ்ட்ரைகோலாக்டோன் என்பது ஆக்சின் பக்கம். அதற்கு இந்த வேலை இருப்பது 2008-ல்தான் தெரியவந்தது. இளநீரில் சைட்டோகைனின் வகைப் பொருட்கள் உண்டு. திசு வளர்ப்புக் கூடங்களில் 1940-களிலிருந்தே தேங்காய்த் தண்ணீர் பயன்படுகிறது. தேங்காயும் மோரும் சேரும் தேமோர் கரைசலை இயற்கை விவசாயிகள் பூக்கும் பருவத்தில் அடிப்பதைப் பற்றிப் பேசும்போது இந்த ஹார்மோன் பேச்சும் வருவது அதனால்தான்.

பக்கவாட்டில் வளர்ந்த பட்டாணி

திசையைக் குழப்பும் இன்னொரு ஹார்மோன் எத்திலீன். இது ஒரு வாயு. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் திமித்ரி நெல்யூபோவ் என்ற இளம் ஆய்வாளரின் அறையில் பட்டாணி நாற்றுகள் மேலே போகாமல் பக்கவாட்டில் வளர்ந்தன. வெளிக்காற்றில் வைத்தால் சரியாகிவிட்டன. விளக்கு எரிக்கப் பயன்படுத்திய நிலக்கரி வாயுவில் கலந்திருந்த எத்திலீன்தான் காரணம் என்று 1901-ல் அவர் எழுதினார். மண்ணில் கெட்டியான பொருக்கைத் தள்ளிக்கொண்டு வரும் முளையும் தானே எத்திலீனை உற்பத்தி செய்து, தண்டைத் தடிப்பாக்கி, கொக்கி போல வளைத்துக்கொண்டு முட்டும். மாங்காயைப் பழுக்க வைப்பதும் இதே வாயுதான்.

மாமரம் என்றதும் பேக்லோபூட்ரசால் நினைவுக்கு வரும். அது ஹார்மோன் இல்லை. ஜிப்ரலின் என்ற ஹார்மோன் உருவாவதைத் தடுக்கும் மருந்து. ஜிப்ரலின் குறைந்தால் மரம் கொழுந்து விடுவதை விட்டு பூப்பக்கம் திரும்பும். செப்டம்பர் முதல் பாதியில் மரத்தடியில் கொடுக்கப் பரிந்துரை உண்டு. மண்ணில் நீண்ட காலம் தங்கும் மருந்து என்பதால் வருடா வருடம் கண்மூடித்தனமாக ஊற்றுவது புத்திசாலித்தனம் இல்லை.

தக்காளி முறுக்கினால்: வைரஸா, களைக்கொல்லியா?

2,4-டி என்ற களைக்கொல்லியை கரும்பு, நெல், மக்காச்சோள விவசாயிகள் நன்றாகவே அறிவார்கள். அது ஒரு செயற்கை ஆக்சின் என்பது பலருக்குத் தெரியாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆக்சின் ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது இது. வியட்நாம் போரில் காடுகள் மீது கொட்டிய 'ஏஜென்ட் ஆரஞ்ச்' கலவையில் பாதி 2,4-டி தான். அந்தக் கலவையின் பெயரைக் கெடுத்த டையாக்சின் நஞ்சு வந்தது மறுபாதியான 2,4,5-டி வழியாக.

செடி தன் சொந்த ஆக்சினை வேலை முடிந்ததும் உடைத்துவிடும். 2,4-டியை அகன்ற இலைச் செடிகளால் அப்படிச் சீக்கிரம் உடைக்க முடியாது. எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் "வளரு, வளரு" என்ற உத்தரவு. எந்தப் பக்கம் என்ற கணக்கே போய்விடுகிறது. தண்டு முறுக்கும், காம்பு கீழே மடங்கும், செடி தன்னையே தீர்த்துக்கொள்ளும். புல் இனப் பயிர்கள் இதைப் பெருமளவு செயலிழக்க வைத்துவிடுவதால் கரும்பும் நெல்லும் தப்பிக்கின்றன.

பிரச்னை இங்கேதான். சர்க்கரை ஆலை இருக்கும் பாலக்கோடு பக்கம் கரும்பும் உண்டு, பெரிய சந்தை இருப்பதால் தக்காளியும் உண்டு. 2,4-டிக்கு மிக எளிதில் பாதிக்கப்படும் பயிர்களில் தக்காளி, பருத்தி, திராட்சை மூன்றும் முன்வரிசை. களையைக் கொல்லத் தேவையான அளவில் சின்னப் பங்கு காற்றில் பறந்து பட்டாலே போதும். அடித்தவருக்கு விஷயமே தெரியாது. பக்கத்து வயல்காரர் வைரஸ் என்று நினைத்து வெள்ளை ஈ மருந்துக்குப் பணம் போட்டுக்கொண்டிருப்பார்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி உண்டு. இலைச்சுருள் வைரஸ் வெள்ளை ஈ மூலம் பரவுவது. இலை ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு மஞ்சளாகும், செடி குட்டையாகும். ஆரம்பத்தில் வயலில் இங்கொன்று அங்கொன்றாகத் தெரிந்து பிறகு கூடும். களைக்கொல்லி பட்டதென்றால் ஒரே நேரத்தில், காற்று வந்த பக்கத்து வரப்போரம் அதிகமாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும் இருக்கும். இலைக்காம்பு கீழ்நோக்கி முறுக்கும். புதிய இலைகள் குறுகி, நரம்புகள் இணைகோடு போல நெருங்கி, விசிறி மாதிரி வரும். வரப்பில் இருக்கும் அகன்ற இலைக் களைகளும் அதேபோல முறுக்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம். இலைச்சுருள் வைரஸ் வரப்பில் இருக்கும் அத்தனை விதச் செடியையும் ஒரே நாளில் பிடிப்பதில்லை.

பக்கத்து வயல் மட்டும்தான் காரணம் என்றும் இல்லை. நேற்று 2,4-டி அடித்த ஸ்பிரேயரை தண்ணீர் விட்டு ஒரு அலசு அலசிவிட்டு இன்று தக்காளிக்குப் பூச்சிமருந்து அடித்தால் அதுவும் போதும். களைக்கொல்லிக்கென்று தனி ஸ்பிரேயர் வைத்துக்கொள்வதுதான் வழி. கடையில் வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று: எஸ்டர் வகை 2,4-டி வெயிலில் ஆவியாகி நகரும், சோடியம் உப்பு, அமைன் உப்பு வகைகள் அந்த அளவுக்கு ஆவியாகாது. ஆனால் காற்று வீசும்போது அடித்தால் எந்த வகையும் துளியாகப் பறக்கும்.

ஆக்சினை நல்லதுக்கும் அடிக்கிறார்கள். பூ, பிஞ்சு உதிராமல் இருக்க மாமரத்தில் என்.ஏ.ஏ. 20 பிபிஎம் என்பது பரிந்துரை. லிட்டருக்கு 20 மில்லிகிராம். 10 லிட்டர் டேங்குக்கு 200 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு. "நல்லா பிடிக்கட்டும்" என்று மூடி கணக்கில் கூட ஊற்றினால் அதே மருந்து பிஞ்சை உதிர்க்கவும் செய்யும்.

2,4-டி பட்ட தக்காளிக்கு மாற்று மருந்து எதுவும் கிடையாது. கடையில் "இதை அடிங்க, சரியாயிடும்" என்று கொடுக்கும் டானிக்கை வாங்கும் முன் கொழுந்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு, மூன்று வாரம் பொறுக்கலாம். லேசாகப் பட்டிருந்தால் அதற்குப் பிறகு வரும் துளிர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நேராகும். முறுக்கிய பழைய இலை அப்படியேதான் இருக்கும். துளிரும் விசிறியாகவே வந்துகொண்டிருந்தால் அந்த வரிசைக்கு மேற்கொண்டு செலவு செய்வதில் பலன் இல்லை. எது என்று முடிவு செய்ய முடியாவிட்டால், செடியை வேரோடு பிடுங்கி ஈரத் துணியில் சுற்றி, வயலின் நான்கு பக்கமும் எடுத்த போட்டோக்களோடு பாப்பாரப்பட்டியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, வட்டார வேளாண் விரிவாக்க மையத்துக்கோ கொண்டுபோய்க் காட்டலாம். எந்த வரப்பிலிருந்து பாதிப்பு தொடங்குகிறது என்பது அந்தப் போட்டோவில் தெரிய வேண்டும்.